நேரச் சர்வர்: ஃபர்ம்வேர் புதுப்பித்தல்

வலையமைப்பிலுள்ள கணினிகள், கண்காணிப்புக் கேமராக்கள், பதிவுக் கருவிகள் அனைத்துக்கும் ஒரே நேரத்தைச் சொல்லும் தனிக் கருவி நேரச் சர்வர். கூரைமேல் பொருத்திய ஆன்டெனா வழியே ஜி.பி.எஸ். அல்லது இந்தியாவின் நாவிக் செயற்கைக்கோள்களிடமிருந்து நேரத்தைப் பெற்று, என்.டி.பி. நெறிமுறைப்படி மற்றவற்றுக்கு வழங்கும். அதனுள் பதிந்திருக்கும் இயக்க மென்பொருளே ஃபர்ம்வேர். பிரிண்டர் பழுதானால் நின்றுவிடும், ஆளுக்குத் தெரியும். நேரச் சர்வரின் கணக்கு பிசகினாலோ தவறான நேரத்தை எந்தத் தயக்கமும் இல்லாமல் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கும்.

இப்படிப் பிசக முக்கியக் காரணம் வார எண். பழைய ஜி.பி.எஸ். சமிக்ஞை தேதியை அனுப்புவதில்லை. வார எண்ணையும், அந்த வாரத்தில் கழிந்த நேரத்தையும் அனுப்புகிறது. வார எண்ணுக்கு 10 பிட் மட்டுமே இடம். 1023-ஐத் தொட்டதும் மறுபடி சுழியத்துக்கு வந்துவிடும். ஒரு சுற்று 1024 வாரம், ஏறத்தாழ 19.6 ஆண்டு. 1980 ஜனவரி 6-இல் தொடங்கிய எண்ணிக்கை 1999 ஆகஸ்டில் ஒருமுறை திரும்பியது. அடுத்தது 2019 ஏப்ரல் 7, இந்திய நேரம் அதிகாலை 5 மணி 29 நிமிடம் 42 வினாடிக்கு. இது எத்தனையாவது சுற்று என்பதைக் கருவிதான் ஊகிக்க வேண்டும். பல கருவிகளில் ஃபர்ம்வேர் உருவான காலம்தான் இதற்கு ஆதாரம்: அதற்கு முந்தைய வாரமாகத் தெரிந்தால் அடுத்த சுற்று என்று கொள்ளும். ஆகவே செயற்கைக்கோளில் ஒன்றும் நிகழாத ஒரு நாளில்கூடப் பழைய கருவி இருபது ஆண்டு பின்னே போய் நிற்கக்கூடும். புதுப்பிப்பு அந்த ஆதாரத் தேதியை முன்னே நகர்த்துகிறது.

2019-இல் நியூயார்க் மாநகராட்சியின் கம்பியில்லா வலையமைப்பு இந்தச் சுழற்சியால் சில நாள் முடங்கியது. பல ஆண்டு முன்பே தெரிந்த தேதி அது! சிறு நேரச் சர்வர்கள் பலவற்றில் இயங்கும் ஜி.பி.எஸ்.டி. மென்பொருளின் 3.20 முதல் 3.22 வரையான பதிப்புகளில் இன்னொரு பிழை இருந்தது. 2021 அக்டோபர் 24 வந்ததும் அவை 2002 மார்ச்சுக்குத் திரும்பும். திருத்திய 3.23 பதிப்பு அந்த ஆகஸ்டிலேயே வந்துவிட்டது.

புதுப்பிக்க வேண்டியதற்குப் பாதுகாப்பு மற்றொரு காரணம். பழைய என்.டி.பி. மென்பொருளின் 'மான்லிஸ்ட்' கட்டளையைத் தவறாகப் பயன்படுத்தி 2014-இல் உலகெங்கும் பெருந்தாக்குதல்கள் நடந்தன.

இந்தியாவில் நேரத்தைச் சரியாக வைத்திருப்பது சட்டப் பொறுப்பும்கூட. 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணைப்படி, தரவு மையங்களும் நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் தேசியத் தகவலியல் மையம் (என்.ஐ.சி.) அல்லது புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வர்களோடு, இல்லையேல் அவற்றை மூலமாகக் கொண்ட சர்வர்களோடு, தம் கணினிகளை ஒத்திசைக்க வேண்டும். பெருந்துறை சிப்காட்டில் உள்ள ஆலை நிறுவனத்துக்கும் விதி இதுவே.

புதுப்பிக்கும்போது அமைப்புகளை நகலெடுத்து, தயாரிப்பாளரின் கோப்பைச் சரிபார்ப்பது எல்லாக் கருவிக்கும் பொது. ஃபர்ம்வேரை எழுதும்போது நடுவில் மின்சாரம் போனால் கருவி எழாமலே போகலாம். அந்தியூர், பவானி வட்டாரத்தில் மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்து நாள் குறிப்பதும், யு.பி.எஸ். பேட்டரியைச் சோதிப்பதும் தயாரிப்பாளரின் கையேட்டில் இராது, ஆனால் தேவை.

மறுதொடக்கத்துக்குப் பின் அவசரம் கூடாது. ஜி.பி.எஸ். செய்தி முழுவதும் ஒருமுறை வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். ஜி.பி.எஸ். நேரம் உலகப் பொது நேரத்தைவிட 2017 முதல் 18 வினாடி முன்னே ஓடுகிறது என்ற தகவலும் அதில்தான் வருகிறது. அதுவரை சில கருவிகள் ஃபர்ம்வேரில் எழுதிய பழைய எண்ணையே நம்பும். ஓரிரு வினாடி பிசகும். ஆகவே புதுப்பித்த சர்வரை என்.ஐ.சி. சர்வரோடு ஒப்பிட்ட பிறகே மற்றக் கருவிகளை அதனிடம் விட வேண்டும். ஒரே சர்வரை நம்பிய வலையமைப்பில் இந்த இடைவெளியைத் தாங்க ஆளில்லை. நான்கு மூலங்கள் இருந்தால் பொய் சொல்லும் ஒன்றை என்.டி.பி. தானே ஒதுக்கிவிடும்.

இத்தகைய சுழற்சிகள் இனியும் வரும்: என்.டி.பி.யின் 32 பிட் வினாடிக் கணக்கு 2036 பிப்ரவரி 7-இல் சுழியத்துக்குத் திரும்புகிறது, யூனிக்ஸின் பழைய 32 பிட் கணக்கு 2038 ஜனவரி 19-இல் நிரம்புகிறது, ஜி.பி.எஸ். வார எண் அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் சுழல்கிறது. இன்று வாங்கும் கருவிக்குத் தயாரிப்பாளர் எந்த ஆண்டுவரை ஃபர்ம்வேர் தருவார் என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.