மனக்களைப்பும் விளையாட்டுத் திறனும்

நெடுநேரம் கவனத்தை ஒரே வேலையில் இருத்துவதால் வரும் அசதியே மனக்களைப்பு. உடம்பு ஓய்வாக இருக்கும்போதே இது வரும். வந்தபின் ஓட்டத்தையும் ஆட்டத்தையும் கெடுக்கும். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையின் வடபகுதியில் உள்ள கெப்பாலா பத்தாஸ் போன்ற ஊர்களில் இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. காலையில் பள்ளி, பிற்பகலில் டியூஷன், மாலையில் பூப்பந்துப் பயிற்சி. எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு நெருங்கும் மாதங்களில், கால் வலியே இல்லாத பிள்ளை எளிய பந்தை வலையில் அடிப்பான். அதைச் சோம்பல் என்று திட்டுவது அநியாயம் என்பதற்கு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட சான்று இருக்கிறது.

அந்தச் சான்று ஆசிரியர்களிடமிருந்துதான் முதலில் கிடைத்தது. இத்தாலியின் தூரின் நகரில் உடலியல் பேராசிரியராக இருந்த ஆஞ்செலோ மொஸ்ஸோ, எர்கோகிராஃப் என்ற கருவியை அமைத்தார். கையை அசையாதபடி கட்டிவிட்டு, நடுவிரலால் மட்டும் ஓர் எடையைத் தாளம் தப்பாமல் இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்பும் புகைபடிந்த உருளையில் கோடாகப் பதியும். விரல் ஓயும்போது கோடுகள் குறுகிக்கொண்டே வரும். பாடம் நடத்திவிட்டும் வாய்மொழித் தேர்வு வைத்துவிட்டும் வந்த சக பேராசிரியர்களின் விரல், மற்ற வேளைகளைவிடச் சீக்கிரம் ஓய்ந்ததை மொஸ்ஸோ கண்டார். 1891இல் களைப்பைப் பற்றிய நூலில் இதை எழுதினார். அதன்பின் இந்தக் கேள்வி விளையாட்டு அறிவியலில் பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்தது. ஆய்வாளர்கள் இதயத்தையும் நுரையீரலையும் தசையையுமே அளந்துகொண்டிருந்தார்கள்.

திருப்பம் 2009இல் வந்தது. வேல்ஸின் பேங்கர் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் மார்கோராவும் குழுவினரும் 16 பேரை ஒரு நாள் 90 நிமிடம் கணினித் திரையில் எழுத்துகளைக் கவனித்து விசை அழுத்த வைத்தார்கள். இன்னொரு நாள் அதே நேரம் ரயிலையும் ஃபெராரி காரையும் பற்றிய ஆவணப்படங்களைக் காட்டினார்கள். இரண்டு நாளும் பிறகு களைத்து நிறுத்தும்வரை சைக்கிள் மிதிக்க வேண்டும். படம் பார்த்த நாளில் சராசரி 754 விநாடி. திரை வேலை செய்த நாளில் 640. இதயமும் நுரையீரலும் வேறுபாடின்றியே இயங்கின. கூடியது ஒன்றே ஒன்று: ‘கஷ்டமாக இருக்கிறது’ என்ற உணர்வு. என் பார்வையில் இந்தத் துறையின் அச்சாணி இதுதான். மூளையில் அடினோசின் என்ற பொருள் தேங்குவதே காரணம் என்பது மார்கோராவின் ஊகம்.

மூளைக்கும் பயிற்சி கொடுக்கலாமே என்ற யோசனை இதிலிருந்தே பிறந்தது. 35 பேரை வைத்து 12 வாரம் நடத்திய சோதனையை மார்கோரா குழு 2015இல் அறிவித்தது. இரு பிரிவினரும் வாரம் மூன்று முறை ஒரு மணிநேரம் சைக்கிள் மிதித்தார்கள். ஒரு பிரிவினர் மிதித்தபடியே மூளைக்குக் கடினமான திரைப் பணியையும் செய்தார்கள். தாக்குப்பிடிக்கும் நேரம் மற்றவர்களுக்கு 42 விழுக்காடும் இவர்களுக்கு 126 விழுக்காடும் கூடியது.

பூப்பந்திலும் ஆய்வு நடந்திருக்கிறது. மனக்களைப்பு ஆட்டக்காரர்களின் கண்-கை எதிர்வினையைத் தாமதமாக்குகிறது என்று ஜெரூன் வான் கட்செம் குழு 2019இல் வெளியிட்டது. தொழில்முறைச் சைக்கிள் வீரர்களோ அரைமணி நேர மூளை வேலைக்குப் பிறகும் வேகம் குறையாமல் ஓட்டியதாக 2016இல் வேறோர் ஆய்வு சொன்னது. அந்தத் தாங்குதிறன் பிறவியில் வந்ததா, பழக்கத்தில் வந்ததா என்பது இன்னும் தீராத வழக்கு.

இத்தகைய தாங்குதிறனுக்குப் பினாங்கில் நெருங்கிய எடுத்துக்காட்டு, ஜார்ஜ் டவுனில் பிறந்த ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட். 2006 முதல் 2015 வரை தொடர்ந்து உலக முதலிடத்தில் இருந்தவர். பயிற்றுநர் லிஸ் இர்விங்கிடம் ஆம்ஸ்டர்டாமில் பயின்ற ஆண்டுகளில், விளையாட்டு உளவியலாளர் பிராங்க் கபோட்டரிடமும் மனப்பயிற்சி பெற்றார். 2014இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், எகிப்தின் ரனீம் எல் வெலிலியிடம் நான்காம் செட்டில் 6-10 என்று பின்தங்கி, நான்கு மேட்ச் பாயிண்டுகளையும் தடுத்து 14-12 என்று செட்டைப் பிடித்தார்; ஐந்தாவதையும் 11-5 என்று வென்று எட்டாம் உலகப் பட்டத்தைப் பெற்றார். ஓர் ஆட்டத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனாலும் களைத்த நேரத்திலும் தெளிவாக முடிவெடுப்பது எப்படி இருக்கும் என்று கேட்கும் பிள்ளைக்கு, அந்த நான்காம் செட்டைப் போட்டுக் காட்டலாம்.

மறுப்பும் உண்டு. வெளியான முடிவுகளைத் தொகுத்து அலசிய ஸ்பெயின் ஆய்வாளர்கள், உடல் தாக்குப்பிடிப்பில் மனக்களைப்பின் பாதிப்பு சொல்லப்படும் அளவுக்குப் பெரிதல்ல என்று 2020இல் எழுதினார்கள். ஆனால் முடிவெடுக்கும் திறன் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆட்டத்துக்கு முன் அரைமணி நேரம் கைப்பேசியில் மூழ்கிய காற்பந்து வீரர்கள் பந்தை யாருக்குத் தருவது என்பதில் தடுமாறியதைப் பிரேசில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பள்ளிப் பயிற்றுநர்கள் இன்றே செய்யக்கூடியது, தேர்வு வாரத்தில் புதிய உத்திகளைத் திணிக்காமல் பழகிய அடிகளோடு நிறுத்தி, மற்றதைப் பள்ளி விடுமுறைக்குத் தள்ளிவைப்பது.