மாலியின் குழல்

மாலி என்கிற டி. ஆர். மகாலிங்கம். பாடகர்-நடிகர் மகாலிங்கம் இல்லைங்க, இவர் வேற! 1926இல் திருவிடைமருதூரில் பிறந்தவர். ஏழு வயசிலேயே மயிலாப்பூரில் கச்சேரி செய்தவர்.

அவருக்கு முன்னால் சரப சாஸ்திரி, பல்லடம் சஞ்சீவ ராவ்னு பெரிய வித்வான்கள் இருந்தாங்க. ஆனால் வாய்ப்பாட்டின் கமகத்தை அப்படியே குழலில் கொண்டுவந்தவர் மாலிதான். தடித்த மூங்கில் குழல். துளைகள்மேல் விரலைப் பிடிக்கும் முறையையே மாற்றினார். துளையைச் சட்டென்று மூடித் திறக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக விரலை நகர்த்துவார். உதட்டின் கோணமும் கூடவே மாறும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு நாதம் அறுபடாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

சில நாள் கச்சேரிக்கே வரமாட்டார். வந்தாலும் பாதியில் எழுந்து போய்விடுவார். ரசிகர்கள் திட்டுவாங்க. அடுத்த கச்சேரிக்கும் அவங்களேதான் வந்து காத்திருப்பாங்க.