பி.பி. நம்பரின் பேரன்

பழைய கல்யாணப் பத்திரிகை ஏதாவது வீட்டில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். 1980களில் அச்சடித்ததாக இருந்தால் இன்னும் நல்லது. கீழ் மூலையில், தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று இரண்டெழுத்து இருக்கும். ‘பர்ட்டிகுலர் பெர்சன்’ என்பதன் சுருக்கம், ட்ரங்க் கால் காலத்துச் சொல். படிப்பவருக்கு அதன் பொருள் புரிந்துவிடும்: போன் எங்கள் வீட்டில் இல்லை, இந்த எண்ணுக்கு அடித்து எங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

எங்கள் தெருவுக்கு அந்த எண் அண்ணாச்சி கடையினுடையது. கல்லாவுக்குப் பக்கத்தில் கறுப்பு போன் உட்கார்ந்திருக்கும். மணி அடித்தால் அண்ணாச்சி எடுப்பார், யாருக்கு என்று கேட்பார், பொட்டலம் மடிக்கும் பையனை விரட்டுவார்: “டேய், மூணாம் வீட்டு டீச்சரம்மாவுக்கு போனுன்னு சொல்லிட்டு ஓடியா.” நாம் வெளியே பேச வேண்டுமென்றால் அவரைக் கேட்டாக வேண்டும். டயலின் துளையில் சின்னப் பூட்டு ஒன்று தொங்கும். சாவி அவர் இடுப்பில்.

இன்றைக்கு ரயிலில் எதிர் இருக்கைப் பையன் “அண்ணே, ஹாட்ஸ்பாட் கொஞ்சம் போடுறீங்களா?” என்று கேட்கும்போது, அந்தக் கடைதான் நம் சட்டைப் பைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரே இணைப்பு, பங்கு கேட்கப் பல பேர். அது அங்கே வந்து சேர்ந்த கதையில் புதுக் கண்டுபிடிப்பு என்று சொல்ல அதிகமில்லை. பூட்டைப் பற்றிய தகராறுதான் அதிகம்.

*99# என்று இப்போது அழுத்தினால் வங்கிக் கணக்கின் இருப்பு வரும். இணையம் இல்லாத போன்களுக்கென்றே ஏற்பட்ட சேவை அது. இருபது ஆண்டுகளுக்கு முன் அதே எண் பார்த்த வேலை வேறு. போனைக் கேபிளால் மடிக்கணினியில் மாட்டி, கணினியில் டயல்-அப் பெட்டியைத் திறந்து, எண் கேட்கும் இடத்தில் *99# என்று தட்டினால் ஜி.பி.ஆர்.எஸ். வழியாக இணையம் வந்தது. போனுக்கு அங்கே மோடம் வேலை. ஹேய்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1981-இல் தன் மேசை மோடத்துக்காக வகுத்த கட்டளைகளைத்தான் அந்தக் கைப்பேசிகளும் கேட்டு நடந்தன. ஒவ்வொரு கட்டளையும் ‘அட்டென்ஷன்’ என்ற சொல்லின் முதல் இரண்டெழுத்தில் தொடங்கும். கணினி அதட்டும், போன் அட்டென்ஷனில் நிற்கும்.

ஜி.பி.ஆர்.எஸ்.ஸுக்கும் முன்னால் நிலைமை இன்னும் மோசம். அப்போது இணையமும் ஒரு போன் காலாகத்தான் போனது. வேகம் நொடிக்கு 9,600 பிட். 100 கே.பி. படம் ஒன்று இறங்க ஒன்றரை நிமிடம் ஆகும். கேபிள் இல்லாதவர்கள் அகச்சிவப்புக் கதிரை நம்பினார்கள். போனின் கறுப்புக் கண்ணாடிக் கண்ணும் மடிக்கணினியின் கண்ணும் ஒன்றையொன்று பார்த்தபடி மேசையில் அசையாமல் கிடக்க வேண்டும். நடுவில் யாராவது காபி டம்ளரை வைத்தால் இணைப்பு போச்சு. எரிக்சன் நிறுவனம் ஸ்வீடனின் லுண்ட் நகரில் 1994-இல் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து புளூடூத் வந்த பிறகுதான் போனைப் பைக்குள் வைத்தபடியே இதைச் செய்ய முடிந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்தில் டெதரிங் என்று பெயர். மாட்டை முளைக்குச்சியில் கட்டும் கயிற்றிலிருந்து வந்த சொல். நம் ஊர்ப் பேச்சில் அது தும்பு. ஒரு குச்சி, ஒரு கயிறு, ஒரு மாடு. இணையத்தில் அடையாளமாக இருக்கும் ஐ.பி. முகவரி அந்த ஒரே கணினிக்குப் போய்விடும். போன் நடுவில் குழாய் மாதிரி கிடக்கும், அவ்வளவுதான். இரண்டாவது ஆளுக்கு அங்கே இடமில்லை.

இரண்டாவது ஆளுக்கு இடம் தரும் வித்தை 1994 மே மாதமே காகிதத்தில் இருந்தது. கெல்ட் எகெவாங், பால் பிரான்சிஸ் என்ற இருவர் எழுதிய ஆர்.எஃப்.சி. 1631 என்ற ஆவணம் அது. அவர்களுடைய கவலை போனைப் பற்றியதல்ல. இணையத்தின் முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி; அவை தீர்ந்துபோகும் என்ற பயம் அப்போதே வந்துவிட்டது. நிரந்தரத் தீர்வு வரும்வரை ஒப்பேற்ற ஒரு வழியை எழுதினார்கள். உள்ளே எத்தனை கணினிகள் இருந்தாலும் வெளியுலகுக்கு ஒரு சில முகவரிகளை மட்டும் காட்டு. உள்ளேயிருந்து யார் எதைக் கேட்டார்கள் என்று வாசலில் இருக்கும் கருவி குறித்து வைத்துக்கொள்ளட்டும். பதில் வந்ததும் உரியவரிடம் கொடுக்கட்டும். ‘நாட்’ என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள்.

அண்ணாச்சி செய்தது இதைத்தான். ஊருக்குத் தெரிந்தது அவர் கடை எண் மட்டும். டீச்சரம்மா எந்த வீடு என்பது அவருக்கும் அந்தப் பையனுக்கும் தெரிந்தால் போதும். உள்வீட்டுக் கதவு எண்களுக்கு இணையத்தில் தனி வரிசையே ஒதுக்கியிருக்கிறார்கள், 192.168 என்று தொடங்குபவை அதில் ஒரு வகை. ஆண்ட்ராய்டு போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் பல ஆண்டுகள்வரை அந்தப் போன் தனக்கே வைத்துக்கொண்ட எண் 192.168.43.1. கோடிக்கணக்கான போன்களில் ஒரே எண், ஆனாலும் குழப்பமில்லை. எல்லாத் தெருவிலும் மூணாம் வீடு இருக்கத்தானே செய்கிறது.

வித்தை கிடைத்தது. கயிற்றை அறுக்க வை-ஃபை வந்தது. அதுவும் போனுக்காகப் பிறந்ததல்ல. மைக்ரோவேவ் அடுப்பு மாதிரியான கருவிகளுக்கென்று ஒதுக்கிக் கிடந்த அலைவரிசைகளை 1985-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., உரிமம் இல்லாமலே தகவல் அனுப்பவும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. என்.சி.ஆர். நிறுவனம் கடைகளுக்கு பில் போடும் மெஷின் விற்று வந்தது. கடையில் மெஷினை இடம் மாற்றும்போதெல்லாம் கம்பி இழுக்க வேண்டியிருந்த தொல்லையைத் தீர்க்க, நெதர்லாந்தில் இருந்த அதன் பொறியாளர்கள் அந்த அலைவரிசையைக் கையில் எடுத்தார்கள். அங்கிருந்து வளர்ந்து 1997-இல் 802.11 என்ற பொதுத் தரம் ஆனது. 1999-இல் வை-ஃபை என்று பெயர் வைத்தார்கள். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்ற விதி 2005 ஜனவரியில் வந்தது. மளிகைக் கடை போனுக்குப் பேரன் பிறக்க, பில் போடும் மெஷின் மருத்துவச்சியாக இருந்தது பொருத்தம்தான்.

அதற்குப் பிறகு வந்த விலை கூடிய போன்களில் வை-ஃபை இருந்தது. 2007-இல் வெளிவந்த நோக்கியா என்95 அப்படி ஒன்று. ஆனால் அந்த வை-ஃபை, வேறு எங்கோ இருக்கும் இணைப்பை வாங்கிக்கொள்ளத்தான். போனிலேயே 3ஜி வழியாக வரும் இணையத்தை அதே வை-ஃபை வழியாக வெளியே கொடுத்தால் என்ன? அடுத்த ஆண்டு பின்லாந்திலிருந்து ஜோய்குஸ்பாட் என்ற மென்பொருள் வந்து அதைச் செய்து காட்டியது. அந்தப் போன்களால் முறையான வை-ஃபை நிலையமாக நிற்க முடியாது. இரண்டு கருவிகள் நேருக்கு நேர் கை குலுக்கிக்கொள்ளும் ‘அட்-ஹாக்’ முறை ஒன்று இருந்தது. அதைக் கொண்டே சமாளித்தார்கள். இலவசப் பதிப்பில் இணையப் பக்கம் பார்க்கலாம், மற்றதற்குக் காசு. குறைகள் இருந்தாலும் நோக்கியா வைத்திருந்தவர்களுக்கு அன்று அது மாயாஜாலம். மேசையில் கிடந்த போனே ஊற்றாகிவிட்டது.

பூட்டு விவகாரம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அமெரிக்க மொபைல் நிறுவனங்கள் ‘வரம்பில்லா டேட்டா’ என்று விற்றுக்கொண்டிருந்தன. சின்னத் திரையில் ஒரு மனிதர் எவ்வளவுதான் பார்த்துவிடுவார் என்ற கணக்கு அதற்குள் இருந்தது. மடிக்கணினியைச் சேர்த்தால் கணக்கு உதைக்கும். 2008 கோடையில் ஐபோனின் ஆப் ஸ்டோரில் நெட்ஷேர் என்ற செயலி ஏறக்குறைய 10 டாலருக்கு வந்தது. சில நாட்களுக்குள் அதை எடுத்துவிட்டார்கள். 2009 ஜூனில் ஆப்பிள் தானே கேபிளிலும் புளூடூத்திலும் பகிரும் வசதியை ஐபோனில் சேர்த்தது. ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் அதைத் தன் வாடிக்கையாளருக்குத் திறந்துவிட ஓராண்டு எடுத்துக்கொண்டது. 2010 ஜூனில் திறந்தபோது மாதம் 20 டாலர் கூடுதல் கட்டணம். அந்த 20 டாலருக்குக் கூடுதல் டேட்டா ஒரு துளியும் கிடையாது. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய 2 ஜி.பி.யை வேறு திரையில் பார்க்க அனுமதி, அவ்வளவே. டயல் பூட்டின் சாவிக்கு வாடகை.

அடுத்த மாதமே ஒரு கூத்து நடந்தது. 15 வயதுச் சிறுவன் ஒருவன் எழுதிய டார்ச் லைட் செயலி ஆப் ஸ்டோருக்கு வந்தது. விலை ஒரு டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. திரை பல நிறங்களில் ஒளிரும். அந்த நிறங்களைக் குறிப்பிட்ட வரிசையில் தொட்டால் உள்ளே ஒளித்துவைத்திருந்த இணையப் பகிர்வு விழித்துக்கொள்ளும். விஷயம் வெளியே தெரிந்ததும் விளக்கு அணைந்தது.

வித்தை தெரிந்தவர்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்கலாம். இணையத்தில் போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் ‘இன்னும் எத்தனை கை மாறலாம்’ என்று ஒரு எண் இருக்கும். பெரும்பாலான போன்களில் அது 64-இல் தொடங்கும். வழியில் ஒரு கருவி வாங்கி அனுப்பினால் ஒன்று குறையும். போனே நேரடியாக அனுப்பியது நிறுவனத்தின் வாசலுக்கு 64 ஆக வரும். பகிர்ந்தது 63 ஆக வரும். அந்த ஒற்றை எண் குறைவே காட்டிக்கொடுத்துவிடும். அதைத் தெரிந்துகொண்டவர்கள் மடிக்கணினியில் 65 என்று மாற்றி வைத்தார்கள்.

இதற்கு நடுவே, 2010 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் கூகுள் தன் மாநாட்டில் ஆண்ட்ராய்டு 2.2-ஐ அறிவித்தது. தயிர் ஐஸ்கிரீமின் பெயரான ஃப்ரோயோ அதன் செல்லப் பெயர். அதன் அமைப்புப் பட்டியலில் ‘கையடக்க வை-ஃபை ஹாட்ஸ்பாட்’ என்று ஒரு வரி புதிதாக இருந்தது. எட்டுக் கருவிகள்வரை சேரலாம். அதற்காகப் பெரிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆண்ட்ராய்டின் அடியில் ஓடும் லினக்ஸில் நாட் வித்தை பல ஆண்டுகளாக இருந்தது. வருகிற கருவிக்குக் கதவு எண் கொடுக்கும் நிரலும் தயாராக இருந்தது. வை-ஃபையையும் சேர்த்து மூன்றையும் ஒரே பொத்தானுக்குப் பின்னால் கட்டி, பொத்தானைப் பயனர் கையில் கொடுத்தார்கள். ஐபோனில் இதே வசதி 2011-இல் வந்தது.

தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்கள். மொபைல் நிறுவனங்கள் அதைத்தான் செய்தன. பொத்தான் கைக்கு வந்த பிறகும், பகிர்வுச் செயலிகளைத் தன் வாடிக்கையாளர் கண்ணில் படாமல் மறைக்கச் சொன்னதாக வெரைசன் மீது எஃப்.சி.சி. விசாரணை நடந்தது. 2008-இல் அலைவரிசையை ஏலம் எடுத்தபோது, வாடிக்கையாளர் விரும்பும் செயலிகளைத் தடுக்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தே வந்திருந்தது. 2012 ஜூலையில் வெரைசன் 12.5 லட்சம் டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது. ஒரு விடுதியும் வாலைப் பிடித்துப் பார்த்தது. நாஷ்வில் நகரில் மாரியட் நடத்திய விடுதியின் மாநாட்டு அரங்கில், வந்தவர்களின் சொந்த ஹாட்ஸ்பாட் இணைப்புகளை அறுத்துவிடும் சமிக்ஞைகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். விடுதியின் வை-ஃபைக்கோ ஒரு கருவிக்கு 250 முதல் 1,000 டாலர்வரை கட்டணம். 2014 அக்டோபரில் மாரியட் 6 லட்சம் டாலர் கட்டியது. அடுத்தவர் காற்றைக் கெடுக்கக் கூடாது என்பதே ஆணையம் சொன்னதன் சாரம்.

இந்தச் சண்டைகளில் எல்லாம் வாங்கிக்கொள்ளும் பக்கம் பெரும்பாலும் இருந்தது மடிக்கணினி. நம் ஊரில் கதை திசை மாறியது. இங்கே பெரும்பாலானோர் கையில் இருக்கும் ஒரே கணினி போன்தான். ஆகவே போனிடமே போன் கேட்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, ‘நாளைக்கு இத்தனை ஜி.பி.’ என்று தினக்கூலி மாதிரி அளந்து கொடுக்கும் திட்டங்கள் பழகிவிட்டன. அவற்றில் டயலுக்குப் பூட்டு இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் கொடு, எங்களுக்கென்ன என்று விட்டுவிட்டார்கள். அளவு முடிந்தால் நமக்குத்தானே முடிகிறது.

அதனால் சாவி இப்போது போன்காரர் இடுப்பில். அண்ணாச்சிக்கு இருந்த சங்கடங்களும் கூடவே வந்துவிட்டன. கேட்பவரிடம் இல்லையென்று சொல்ல முடியாது. கொடுத்தால் போன் கொதிக்கும், சார்ஜ் இறங்கும். பாஸ்வேர்டை ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த முறை கேட்காமலே ஒட்டிக்கொள்வார்கள். ‘ஒரு மெயில்தான்’ என்று வாங்கியவர் பின்னணியில் முழுப் படத்தையும் இறக்கிக்கொண்டிருப்பார். ‘ஒரு நிமிஷம்தான் அண்ணாச்சி’ என்று வந்து அரை மணி நேரம் பேசியவர்களின் வாரிசுகள்.

ஆனால் இரவு பதினொன்றரைக்குக் கேட்டுப் பாருங்கள். காலையில் யோசித்து யோசித்துப் பொத்தானைத் தொட்ட அதே அண்ணன், மிச்சம் எவ்வளவு என்று ஒரு பார்வை பார்ப்பார். “எடுத்துக்கோ தம்பி. பன்னெண்டு மணிக்கு எப்படியும் போயிரும்.”