இலண்டன் மாநகரின் கணப்படுப்புகள்

இங்கிலாந்து மக்களுக்குக் கணப்படுப்பு குளிர்காயும் கருவி மட்டுமன்று. மாலைவேளையில் குடும்பத்தினர் கூடியிருந்து உரையாடும் இடமும் அதுவே. அதன் புகைபற்றிய முறைப்பாடோ மிகப் பழையது. 1661 ஆம் ஆண்டில் ஜோன் ஈவ்லின் என்னும் அறிஞர் இலண்டன் நகரின் நிலக்கரிப் புகையைக் கண்டித்து ஒரு சிறுநூல் எழுதி, இரண்டாம் சாள்ஸ் மன்னரிடம் சமர்ப்பித்தார். மன்னர் மகிழ்ந்தார்; புகை மட்டும் போகவில்லை.

திறந்த கணப்பில் எரியும் கரியின் வெப்பத்திற் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். அறைக்குக் கிடைப்பது சிறு பங்கே. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், பிரித்தானியா தன் கடன்சுமை காரணமாக உயர்ந்த கரியை வெளிநாடுகளுக்கு விற்று, மட்டமானதைத் தன் மக்களுக்கு விட்டுவைத்தது. தூளும் சிறு கட்டிகளும் கலந்த இக்கரி 1952 டிசெம்பர் முதலாந் திகதி பங்கீட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது. மலிவாயிருந்ததால் மக்கள் அதனை விரும்பி வாங்கினர்.

நான்கு நாட்களின் பின், டிசெம்பர் 5 ஆந் திகதி, கடுங்குளிரும் மூடுபனியும் நகரைக் கவிந்தன. மேலே வெம்மையான காற்று மூடிபோல் அமைந்தமையால் கீழிருந்த குளிர்காற்று அசையவில்லை. குளிர் மிக மிக மக்கள் மேலும் கரி இட்டனர். இட்ட கரியின் புகையும் கந்தகவீரொட்சைட்டும் அவர்கள் சுவாசிக்கும் காற்றிலேயே தங்கின. உடலைக் காக்க மூட்டிய தீ உயிரை வாங்கியது. ஏர்ல்ஸ் கோட் கண்காட்சிக்குக் கொண்டுவரப்பட்ட கொழுத்த மாடுகள் மூச்சுத்திணறி மாண்டன. சாட்லேர்ஸ் வெல்ஸ் அரங்கினுள்ளும் புகை நுழைந்து இசைநாடகத்தை நிறுத்தியது. ஐந்தாம் நாள் காற்றெழுந்து வானம் வெளுத்தது. இறந்தோர் சுமார் 4,000 பேர் என அக்காலத்திற் கணக்கிடப்பட்டது. பிற்கால ஆய்வுகள் 12,000 வரை கூறுகின்றன. முதியோரும் குழந்தைகளுமே அவர்களுட் பலர்.

அரசாங்கம் முதலில் விரைந்து செயற்படவில்லை. பிற்பட்ட வாரங்களில் நேர்ந்த மரணங்களுக்கு இன்புளுவென்சாக் காய்ச்சலே காரணம் என்றுங் கூறப்பட்டது. 1953 இல் நியமிக்கப்பட்ட சேர் ஹியூ பீவர் குழு ஆராய்ந்தபோது, நாட்டின் புகையில் ஏறக்குறையப் பாதி வீட்டுக் கணப்புகளிலிருந்தே வருவது புலனாயிற்று. ஆலைகளை மட்டும் குறைகூறி வந்தோருக்கு இது கசப்பான செய்தி. ஆலை முதலாளியைத் தண்டிப்பது எளிது. இலட்சக்கணக்கான இல்லத்தரசிகளை யார் தண்டிப்பது?

1956 ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் இதற்கு நல்ல வழி கண்டது. உள்ளூராட்சி மன்றங்கள் புகையற்ற வலயங்களைப் பிரகடனஞ் செய்யலாம். ஆனால் அவ்வலயத்து வீட்டுக்காரர் பழைய கணப்பை மாற்றச் செலவிடும் பணத்திற் பத்தில் ஏழு பங்கை அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். தடையோடு உதவியும் சேர்ந்தமையே சட்டத்தின் வலிமை. எனினும் எங்கும் ஒரே வேகத்தில் அது நடைபெறவில்லை. சுரங்கத் தொழிலாளருக்குக் கூலியின் ஒரு பகுதியாகவே கரி கிடைத்து வந்தது. புகையற்ற வலயம் என்றால் அவர்கள் தம் ஊதியத்தின் ஒரு பங்கை இழக்க நேருமன்றோ? சுரங்க மாவட்டங்கள் தயங்கியதில் வியப்பில்லை. 1962 டிசெம்பரில் இலண்டனில் மீண்டும் கொடிய புகைப்பனி மூண்டு, நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது.

1965 இல் வடகடலில் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது. நிலக்கரியிலிருந்து வடித்த பழைய வாயுவைவிட ஏறக்குறைய இருமடங்கு வெப்பந் தருவதாகையால், பழைய அடுப்புகளின் எரிமுனைகள் அதற்குப் பொருந்தவில்லை. 1967 முதல் 1977 வரை தொழிலாளர் தெருத்தெருவாகச் சென்று, ஒரு கோடியே முப்பது இலட்சம் வாடிக்கையாளரின் அடுப்புகளையும் வெப்பமூட்டிகளையும் திருத்தியமைத்தனர். படிப்படியாக நீர்க்குழாய்களால் வீடு முழுவதையும் வெம்மைப்படுத்தும் முறை பரவியது. கணப்புகள் பலகைகளால் அடைக்கப்பட்டன. 2021 மே மாதத்திற் பொதிசெய்த வீட்டு நிலக்கரியின் விற்பனை இங்கிலாந்தில் தடைசெய்யப்பட்டது. புகைபோக்கிகள் மட்டும் பழைய தெருக்களின் கூரைகள் மீது வரிசையாக நிற்கின்றன.