சுமை சென்ற பாதைகள்



சென்ற மாதம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மன்னர்கள் கோட்டை கட்டினர், துறைமுகம் அமைத்தனர் என்று சொல்லி வந்தபோது ஒரு மாணவி கையை உயர்த்தினாள். "ஐயா, கோட்டைய ராஜா கட்டினாரு. கோட்டைக்குப் போற பாதைய யாரு போட்டா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாடநூலில் இல்லாத கேள்வி அது. அன்றிரவு அதற்கு விடை தேடியபோது, சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் நான் மிதிவண்டி ஓட்டிய ஒரு பாதை நினைவுக்கு வந்தது.

மேலைநாடுகளில் அண்மைக் காலமாகச் சரளைப் பாதை மிதிவண்டி மிகவும் பரவி வருகிறது. பந்தய மிதிவண்டியைப் போல வளைந்த கைப்பிடி. ஆனால் டயர் அகலமானது. தார்ச் சாலையை விட்டு விலகி, கல்லும் மண்ணும் கலந்த நாட்டுப்புறத் தடங்களில் ஓட்டுவதற்கென்றே அமைந்தது. இவ்வகை வண்டிக்கு ஏற்ற ஊர்களுள் ஒன்று டெவன் மாவட்டத்து டேவிஸ்டாக். 1105ஆம் ஆண்டில் முதலாம் ஹென்றி மன்னர் அங்கிருந்த மடாலயத்திற்கு வாரச்சந்தை நடத்தும் உரிமையை வழங்கினார். அவ்வூரின் வெள்ளிக்கிழமைச் சந்தை இன்றும் நடைபெறுகிறது. ஊரின் கிழக்கே தார்ட்மூர் என்னும் மேட்டுநிலம் எழுகிறது. மரங்கள் அருகி, புல்லும் புதரும் கருங்கல் குன்றுகளுமாய், பனிமூட்டம் நொடியில் சூழ்ந்துகொள்ளும் நிலம் அது.

வாடகை மிதிவண்டியுடன் அம்மேட்டின் உச்சியிலுள்ள பிரின்ஸ்டவுன் என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்டேன். பழைய இரயில் தடம் வழியாக இறங்கி, பரேட்டர் நீர்த்தேக்கத்தை அடைந்து, வேறொரு தடத்தில் மேலேறித் திரும்புவது என் திட்டம். இன்பச் சுற்றுலாவாகத் தொடங்கியது, காலத்தில் பின்னோக்கிச் செல்லும் பயணமாகிவிட்டது.

முதல் தடம் 1883இல் திறக்கப்பட்ட பிரின்ஸ்டவுன் இரயில் பாதை. 1956 மார்ச் 3ஆம் நாள் மூடப்பட்டது. தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்த பின் எஞ்சிய சரளையின்மீதுதான் இன்று மிதிவண்டிகள் ஓடுகின்றன. இரயில் பாதையாதலால் ஏற்றமும் இறக்கமும் மென்மையானவை. கிங்ஸ் டோர் என்னும் குன்றை நேரே ஏற இயலாமல் பாதை அதனை முழுமையாகச் சுற்றி வளைகிறது. இந்த வளைவு இரயிலைவிட மூத்தது. சர் தாமஸ் டிரிட் என்பவரின் முயற்சியால் 1823இல் இங்கே குதிரைகள் இழுக்கும் டிராம் பாதை திறக்கப்பட்டது. தரிசான மேட்டுநிலத்தை விளைநிலமாக்கலாம் என்று அவர் கனவு கண்டார். சுண்ணாம்பும் மரமும் மேலே வரும், கருங்கல் கீழே போகும் என்பது அவர் கணக்கு. விளைச்சல் கனவு பலிக்கவில்லை. கருங்கல் மட்டும் போயிற்று. அறுபது ஆண்டுகள் கழித்து இரயில் வந்தபோது அந்த டிராம் தடத்தின் பெரும்பகுதியையே பயன்படுத்திக்கொண்டது. ஆக, அந்த வளைவு குதிரையின் மூச்சுக்கு ஏற்றாற்போல் போடப்பட்டது. அன்று தண்டவாளம் பொருத்துவதற்காகத் துளையிட்ட கற்களைச் சில இடங்களில் இன்றும் காணலாம்.

வழியில் ஃபாகின்டோர், ஸ்வெல்டோர் என்னும் இரு கற்சுரங்கங்கள் உள்ளன. ஃபாகின்டோர் குழியில் இப்போது நீர் நிறைந்து குளமாகிவிட்டது. அதனருகே கல்லுடைத்தோர் குடியிருந்த வீடுகளின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயக்குட்டைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அக்காட்சி அந்நியமாகத் தோன்றவில்லை.

ஸ்வெல்டோர் அருகே பாதையோரம் செதுக்கிய கருங்கற்கள் வரிசையாகக் கிடக்கின்றன. ஏறத்தாழ ஒரு டஜன் இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் பாலத்தை அகலப்படுத்தியபோது நடைபாதையைத் தாங்குவதற்காகச் செதுக்கப்பட்டு, அனுப்பப்படாமல் நின்றுபோன கற்கள் அவை. அந்தப் பாலமே 1968இல் அமெரிக்கர் ஒருவருக்கு விற்கப்பட்டது. கல் கல்லாகப் பிரித்துக் கப்பலேற்றி, 1971இல் அரிசோனாவில் மீண்டும் திறக்கப்பட்டது. பாலம் கடல் கடந்து போய்விட்டது. அதற்கென்று செதுக்கிய கற்களோ உளி வைத்த இடத்திலேயே கிடக்கின்றன. பாலத்தை விற்றவர், வாங்கியவர் பெயர்கள் எல்லாம் நூல்களில் உண்டு. இக்கற்களைச் செதுக்கியவர் யாரென்று கல்லில் எழுதியிருக்கவில்லை. மாணவியின் கேள்வியை இப்போது நினைத்துப் பார்க்கையில் முதலில் கண்முன் வருவது அந்தக் கற்கள்தாம்.

பரேட்டர் நீர்த்தேக்கம் 1898இல் பிளிமத் நகரின் குடிநீருக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. அங்கிருந்து மேலேறும் தடம் செங்குத்தானது. வெட்கப்படாமல் சொல்கிறேன், பாதித் தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். ஏற்றத்தின் முடிவில் ஐல்ஸ்பாரோ என்னும் பழைய ஈயச் சுரங்கம் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இயங்கிய சுரங்கம் அது. ஓடையோரத்து நீர்ச்சக்கரத்தின் விசையை நீண்ட இரும்புத் தண்டுகள் மேட்டிலிருந்த சுரங்க வாய்க்குக் கொண்டு சென்றன; அவ்விசையால் சுரங்கத்து நீர் இறைக்கப்பட்டது. அத்தண்டுகளைத் தாங்கிய கற்கால்கள் இரண்டிரண்டாக இன்னும் நிற்கின்றன. நான் வண்டி தள்ளிய சரளை, இந்தச் சுரங்கத்திற்குச் சுமை போன வழி.

ஈயத்தின் கதை அதைவிடப் பழையது. 1305இல் முதலாம் எட்வர்டு மன்னரின் சாசனத்தால் டேவிஸ்டாக் 'ஈய நகரம்' என்ற நிலையைப் பெற்றது. சுற்றுவட்டாரத்தில் உருக்கிய ஈயக்கட்டிகளை அங்கே கொண்டு வந்து, நிறுத்து, மூலையைச் சிறிது வெட்டித் தரம் பார்த்து, வரி செலுத்தி, முத்திரை பெற்ற பின்பே விற்க முடியும். மேட்டுநிலத்துத் தடங்கள் பல சந்தை நகரங்களை நோக்கிச் செல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கேதான் அக்கதை நம் மண்ணைத் தொடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயா ஈயம் உலகச் சந்தையில் பெருகியபோது விலை சரிந்தது. டெவன், கார்ன்வால் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர் பலர் கடல் கடந்தனர். இங்கே கிந்தாவில் குழிகள் தோண்டப்பட, அங்கே பாதைகளில் புல் முளைத்தது.

ஐல்ஸ்பாரோவைக் கடந்தால் சிவர்டு சிலுவை என்னும் கருங்கல் சிலுவை ஓர் ஆளுக்கு மேல் உயரத்தில் நிற்கிறது. 1240ஆம் ஆண்டின் எல்லை ஆவணத்திலேயே இது குறிப்பிடப்பட்டுள்ளது. பக்ஃபாஸ்ட் மடாலயத்திற்கும் டேவிஸ்டாக்கிற்கும் இடையே பொதிக்குதிரைகளில் கம்பளி சென்ற பழைய வழி இப்பக்கமாகச் செல்கிறது. பனிமூட்டத்தில் வழி தவறாமல் இருக்க இத்தகைய சிலுவைகள் துணைநின்றன. கம்பளி, ஈயம், கருங்கல் என்று சுமை மாறியது. தடம் மட்டும் நிலைத்தது.

நிலைத்தது என்றேன். தானாக நிலைத்துவிடவில்லை. இதனை நாம் கவனிக்க வேண்டும். 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள பொதுவழிகளை அளந்து வரைபடத்தில் பதிய வேண்டும் என்று மாவட்ட மன்றங்களுக்குக் கட்டளையிட்டது. பல ஊர்களில் ஊர்மக்களே நடந்து நடந்து பட்டியல் தயாரித்தனர். 1951இல் தார்ட்மூர் தேசியப் பூங்காவாயிற்று. குதிரைவழிகளில் மிதிவண்டி ஓட்டும் உரிமையை 1968ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. நடப்போருக்கும் குதிரையில் வருவோருக்கும் வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை. 1985ஆம் ஆண்டின் தார்ட்மூர் பொதுநிலச் சட்டம் நடப்போருக்கும் குதிரையேறுவோருக்கும் மட்டுமே திறந்த நிலத்தில் உரிமை தந்தது. ஆகவே மிதிவண்டிக்காரர் அனுமதிக்கப்பட்ட தடத்தைவிட்டு விலகக் கூடாது. பதிவாகாத பழைய வழிகளுக்கு 2026 தொடக்கத்தைக் கெடுவாக 2000ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது. பின்னர் அது 2031க்குத் தள்ளிவைக்கப்பட்டது. 2024 டிசம்பரில் கெடுவையே நீக்கப்போவதாக அரசு அறிவித்தது. ஒற்றையடிப் பாதைக்காக ஒரு நாடு இவ்வளவு வாதாடுகிறது.

நிற்க. நம் பாதைகள் எங்கே?

டன்லப் 1888இல் மிதிவண்டிக்குக் காற்றடைத்த டயரைச் செய்தார். அதன்பின் பெருகிய ரப்பர்த் தேவைக்காகவே மலாயாவில் தோட்டங்கள் எழுந்தன. நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். என் தந்தையார் விடியற்காலையில் மிதிவண்டியின் பின்னால் பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு, செம்மண் சடக்கில் பால் நிறுக்கும் கொட்டகைக்குப் போவார். மழைக்காலத்தில் சக்கரம் புதையும் இடமெல்லாம் அவருக்கு மனப்பாடம். தோட்டம் துண்டாடப்பட்டபோது அந்தச் சடக்கும் மறைந்தது. இன்று அங்கே வீட்டு மனைகள் உள்ளன. என்னிடம் அதன் படம் ஒன்றுகூட இல்லை. தார்ட்மூரில் யாரோ ஒருவருடைய குதிரை நடந்த வளைவை என்னால் சுட்டிக்காட்ட முடிகிறது. என் தந்தை சென்ற வழியைக் காட்ட முடியவில்லை. குற்றம் பிறருடையது மட்டுமன்று. அவர் உயிரோடிருந்தபோது நான் கேட்டு எழுதி வைக்கவில்லை.

மறுநாள் அம்மாணவியிடம், "பாதையைப் போட்டவர்கள் சுமை தூக்கியவர்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதவில்லை" என்றேன். பிறகு வகுப்பு முழுவதற்கும் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலுள்ள பாட்டி தாத்தாவிடம் கேட்டு, அவர்கள் வேலைக்குப் போன வழியைத் தாளில் வரைந்து வர வேண்டும். இருபத்திரண்டு பேரில் பதினான்கு பேர் கொண்டு வந்தனர். கோவில், கிணறு, ஆயாக்கொட்டகை, வெட்டுக்காடு என்று எல்லாம் இருந்தன. அளவு சரியில்லை, திசை சரியில்லை. எல்லாவற்றையும் ஒரு கோப்பில் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு முதியவர் இருப்பார். ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு இன்றே அவரருகில் அமருங்கள்.