மலையிலிருந்து இறங்கியவர்: நான்சி கிரீனின் பந்தய வாழ்க்கை

விளையாட்டு வரலாற்றைப் பதக்கப் பட்டியலாக மட்டுமே வாசிப்பது, ஒரு காப்பியத்தை அதன் பாத்திரப் பட்டியலைக் கொண்டு மதிப்பிடுவதற்கு ஒப்பாகும். யார் வென்றார் என்பதைப் பட்டியல் சொல்லும். எதை எதிர்த்து வென்றார் என்பதைச் சொல்லாது. கனடாவின் பனிச்சறுக்கு வீராங்கனை நான்சி கிரீனின் பந்தய வாழ்க்கை இந்த இரண்டாம் கேள்வியோடு வாசிக்கப்பட வேண்டிய ஒன்று.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தென்பகுதியில், அமெரிக்க எல்லைக்கு அருகில் ரோஸ்லண்ட் என்னும் சிறு மலையூர் உள்ளது. 1890களில் தங்கச் சுரங்கங்களால் எழுந்த ஊர் அது. அங்கு வந்து சேர்ந்த ஓலாஸ் யெல்ட்னஸ் என்னும் நார்வே நாட்டுச் சுரங்கத் தொழிலர், தம் தாய்நாட்டுப் பழக்கமான பனிச்சறுக்கையும் உடன் கொண்டுவந்தார். காலப்போக்கில் தங்கம் தீர்ந்தது, சறுக்காட்டம் எஞ்சியது. சுரங்கம் குடைந்த அதே ரெட் மலையின் சரிவுகளே ஊர்ப் பிள்ளைகளின் ஆடுகளமாயின. 1943இல் ஒட்டாவாவில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்துடன் இவ்வூருக்கு வந்த நான்சி அச்சரிவுகளில்தான் வளர்ந்தார்.

1960இல் அமெரிக்காவின் ஸ்குவா வேலியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், பதினாறு வயதில், தம் அக்காள் எலிசபெத்துடன் கனடிய அணியில் இடம்பெற்றார். அவருடைய இடங்கள் பட்டியலின் கீழ்ப்பகுதியில் இருந்தன. ஆனால் அவருடன் ஒரே அறையில் தங்கியிருந்த ஆன் ஹெக்ட்வைட், ஸ்லாலம் பந்தயத்தில் மூன்று நொடிகளுக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் தங்கம் வென்றார். பனிச்சறுக்கில் கனடாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. உலகத்தின் உச்சி என்பது எட்டாத் தொலைவில் இல்லை, பக்கத்துக் கட்டிலில் இருக்கிறது என்று ஒரு பள்ளி மாணவி உணர்ந்த தருணம் அது எனலாம்.

எனினும் உணர்வு வேறு, வசதி வேறு. ஆல்ப்ஸ் மலைநாடுகளில் பனிச்சறுக்கு என்பது ஊர்களின் பிழைப்பு, அரசின் அக்கறை, தேசத்தின் பெருமை. கனடிய வீரர்களுக்கோ பயிற்சி சிதறலாகவும் பணம் அரிதாகவும் இருந்தன. 1964 இன்ஸ்ப்ரக் ஒலிம்பிக்கில் டவுன்ஹில் எனப்படும் நேர்ச்சரிவுப் பந்தயத்தில் நான்சி ஏழாம் இடம் பெற்றார். அதற்குப் பின்னரே நெல்சன் என்னும் சிறுநகரின் நோட்ரடாம் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு, படிப்பும் பயிற்சியும் இணைந்த ஒரு தேசிய அணி உருவாயிற்று. 1966இல் சிலி நாட்டின் போர்ட்டியோவில் நடந்த உலகப் போட்டியில் பிரெஞ்சு அணி மொத்தமிருந்த 24 பதக்கங்களில் 16ஐ அள்ளிச் சென்றது. நான்சியோ டவுன்ஹில்லில் கடுமையாக விழுந்தார்.

அதே போர்ட்டியோவில்தான் பிரெஞ்சுப் பத்திரிகையாளர் செர்ஜ் லாங் முதலியோரின் முயற்சியால் உலகக் கோப்பைத் திட்டம் வடிவம் பெற்றது. ஒரு நாள் அதிர்ஷ்டத்தை அன்றி, ஒரு பருவம் முழுவதன் உழைப்பை அளக்கும் முறை அது. வெற்றிக்கு 25 புள்ளிகள், இரண்டாம் இடத்துக்கு 20. ஒவ்வொரு வகைப் பந்தயத்திலும் சிறந்த மூன்று முடிவுகள் மட்டுமே கணக்கில் சேரும். 1967இல் தொடங்கிய அந்த முதற்பருவத்தின் நடுவில் கனடிய அணி நாடு திரும்பியது. ஐரோப்பியப் பந்தயங்கள் சிலவற்றை நான்சி இழந்தார். மார்ச் மாதம் பந்தயங்கள் வட அமெரிக்காவுக்கு வந்தபோது அவர் துரத்தும் நிலையில் இருந்தார். வயோமிங் மாநிலத்தின் ஜாக்சன் ஹோலில் நடந்த கடைசி ஸ்லாலத்தில் பிரான்சின் மாரியெல் குவாஷெலை 0.07 நொடியில் முந்தினார். இறுதிக் கணக்கு 176க்கு 172. மகளிருக்கான முதல் உலகக் கோப்பை ரோஸ்லண்டுக்குச் சென்றது.

1968இல் கிரெனோபிள் ஒலிம்பிக். அதற்கு ஒரு மாதம் முன்பு ஆஸ்திரியாவின் பாட்காஸ்டைனில் கணுக்காலில் காயம். டவுன்ஹில்லில் பத்தாம் இடம். ஸ்லாலத்தில் குவாஷெலுக்கு அடுத்து வெள்ளி. பின்னர் ஜயன்ட் ஸ்லாலம். நான்சிக்கும் இரண்டாமிடம் பெற்ற அன்னி ஃபமோஸுக்கும் இடையிலான வித்தியாசம் 2.64 நொடி. இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் இடையில் இருந்ததோ வெறும் 0.13 நொடி. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை. அந்தப் பருவத்தின் உலகக் கோப்பையும் மீண்டும் அவருக்கே கிடைத்தது.

அத்துடன், இருபத்து நான்கு வயதில், அவர் பந்தயத்தை விட்டு விலகினார்.

உச்சியில் நிற்பவர் ஏன் இறங்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். இங்கே காலத்தின் விதிகளையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒலிம்பிக் வீரர் ஆட்டத்தால் பொருளீட்டக் கூடாது என்பது அன்றைய அமெச்சூர் நெறி. அதே கிரெனோபிளில், சறுக்குப் பலகைகளில் உள்ள நிறுவனப் பெயர்கள் படத்தில் விழலாகாது என்று ஒலிம்பிக் குழுத் தலைவர் ஏவரி பிரண்டேஜ் பிடிவாதம் பிடித்தார். படம் எடுக்கும் முன் பலகைகளை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. புகழ் உண்டு, அதன்மீது வாழ வழியில்லை என்பதே அந்த நெறியின் நடைமுறைப் பொருள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு அது அறம். ஏனையோருக்கு அது ஒரு மூடிய கதவு.

நான்சியின் இரண்டாம் வாழ்க்கை இங்கே தொடங்குகிறது; என் பார்வையில் முதலாவதைவிட அதுவே முக்கியமானது. பிரதமர் பியேர் ட்ரூடோவின் அரசு 1968இல் அமைத்த விளையாட்டுப் பணிக்குழுவில் மூன்று உறுப்பினர்களுள் ஒருவராக அவர் இருந்தார். 1969இல் வெளிவந்த அதன் அறிக்கை, விளையாட்டில் அரசின் பொறுப்பு குறித்த கனடியச் சிந்தனையைத் திசைமாற்றியது. அவர் பெயரைத் தாங்கிய சிறுவர் பந்தய அமைப்பு, பல தலைமுறைக் குழந்தைகளைச் சரிவுகளுக்கு அழைத்து வந்தது. கணவர் ஆல் ரெய்னுடன் விஸ்லர், சன் பீக்ஸ் ஆகிய மலையூர்களின் வளர்ச்சியில் பங்கேற்றார். 1999இல் கனடாவின் நூற்றாண்டுச் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானார்; 2009 முதல் 2018 வரை செனட் உறுப்பினராகப் பணியாற்றினார்.

நம் ஆற்றுப்படை இலக்கியத்தில், பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன் வழியில் எதிர்ப்படும் வறியவனுக்கு, தான் சென்ற வழியைச் சொல்லி ஆற்றுப்படுத்துவான். பரிசிலைவிட அந்த வழிகாட்டலே அப்பாடல்களின் உயிர். 1960இல் பக்கத்துக் கட்டிலில் தமக்குக் கிடைத்த வழிகாட்டலை நான்சி கிரீன் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. 1992இல் ஆல்பர்வில் ஒலிம்பிக்கின் டவுன்ஹில்லில் கனடாவின் முதல் தங்கத்தை கெரின் லீ-கார்ட்னர் வென்றார். அவர் வளர்ந்த ஊரும் ரோஸ்லண்டுதான்.

தங்கம் தீர்ந்துபோன மலை என்று அதை இனி யார் சொல்ல முடியும்?