தொடர்பியல் ஆய்வில் மறுசோதனை

ஒருவர் செய்து முடிவு அறிவித்த ஆய்வை இன்னொருவர் திரும்பச் செய்து, அதே முடிவு வருகிறதா என்று பார்ப்பது மறுசோதனை. வேதியியலில் இது அன்றாட வேலை. செய்தி, வதந்தி, வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவை மனிதரை எப்படி மாற்றுகின்றன என்று ஆராயும் தொடர்பியலில், எல்லோரும் வேண்டும் என்று சொன்னார்கள், சிலரே செய்தார்கள்.

இதில் மூன்று வகை உண்டு. அதே நடைமுறையை வரி பிசகாமல் பின்பற்றுவது நேரடி மறுசோதனை. அதே கருதுகோளை வேறு மக்களிடம், வேறு மொழியில், வேறு கருவி கொண்டு சோதிப்பது கருத்துநிலை மறுசோதனை. புதிதாக யாரையும் சந்திக்காமல் பழைய தரவை வாங்கி மறுபடி கணக்கிடுவது மறுபகுப்பாய்வு. தொடர்பியலில் இரண்டாவது வகைக்கே வரவேற்பு அதிகம். அதில் ஒரு வசதி இருக்கிறது: முடிவு மாறிவிட்டால் ஊர் வேறு, ஆட்கள் வேறு என்று சொல்லித் தப்பிக்கலாம்.

தொடக்கம்

இந்திய மண்ணில் இதன் முதல் தடங்களில் ஒன்று வதந்தி பற்றியது. 1934 ஜனவரி 15 அன்று பிகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் திரட்டி, 1935இல் கட்டுரையாக வெளியிட்டார். அதிர்வை உணர்ந்தும் சேதம் காணாத இடங்களில், இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்ற பேச்சே ஓங்கியிருந்தது. பின்னர் டார்ஜிலிங்கில் நிலச்சரிவு ஏற்பட்டபோது துர்கானந்த் சின்ஹா அங்குள்ள வதந்திகளைத் தொகுத்தார். அது 1952இல் வெளிவந்தது. இவர் சந்தித்தவர்கள் அழிவைக் கண்முன் கண்டவர்கள். அவர்களிடம் வரப்போகும் பேரழிவு பற்றிய பேச்சு அப்படிப் பெருகவில்லை. அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். காரணம் தெரியாத அச்சம் தனக்கொரு காரணத்தைத் தேடிக்கொள்கிறது. காரணம் கண்ணெதிரே இருந்தால் தேட வேண்டியதில்லை என்று அவர் விளக்கினார். 1957இல் அவர் வெளியிட்ட மனமுரண்பாட்டுக் கோட்பாட்டு நூலுக்கு வித்திட்டவற்றுள் பிரசாத்தின் வதந்திகளும் உண்டு. ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றும் இரு ஆய்வுகள் ஒரு கோட்பாட்டையே தாங்கி நிற்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இத்துறையில் அரிது.

அமெரிக்காவில் இதே காலத்தில் வேறொரு கதை நடந்தது. இரண்டாம் உலகப்போரின்போது படைவீரர்களுக்குத் திரையிட்ட படங்களின் தாக்கத்தை அளந்த கார்ல் ஹோவ்லண்ட் குழு, சில கருத்துகளில் படத்தின் செல்வாக்கு ஐந்து நாளில் இருந்ததைவிட ஒன்பது வாரத்தில் கூடியிருந்ததைக் கண்டது. 1949இல் நூலாக வந்த இந்த 'உறங்கும் விளைவு' பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது. 1974இல் கில்லிக், கிரீன்வால்ட் இருவரும் ஏழு சோதனைகள் செய்து பார்த்தும் அது கண்ணில் படவில்லை. 1988இல் அதே கிரீன்வால்ட், பிரட்கானிஸ் முதலியோருடன் சேர்ந்து, சொன்னவர் நம்பத்தகாதவர் என்ற தகவல் செய்திக்குப் பிறகு வந்தால் விளைவு தோன்றுகிறது என்று காட்டினார். முதல் ஆய்வு சொல்லாமல் விட்ட நிபந்தனை வெளிப்பட நாற்பது ஆண்டு பிடித்தது.

பூனா, 1956

இந்தியாவில் மறுசோதனை என்று துணிந்து சொல்லத்தக்க பெரிய முயற்சி பூனாவில் நடந்தது. கனடாவில் 1941 முதல் வேளாண் வானொலி மன்றங்கள் இயங்கின: அக்கம்பக்கத்து உழவர்கள் ஒரு வீட்டில் கூடி நிகழ்ச்சியைக் கேட்பார்கள், விவாதிப்பார்கள், ஒரு முடிவெடுத்துச் செயலில் இறங்குவார்கள். யுனெஸ்கோ அதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. எழுத்தறிவு குறைந்த, மின்சாரம் எட்டாத இந்தியக் கிராமத்தில் அது எடுபடுமா என்பதே கேள்வி.

1956 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, வாரம் இருமுறை, அரைமணி நேரம், மொத்தம் இருபது நிகழ்ச்சிகளை அகில இந்திய வானொலி மராத்தியில் ஒலிபரப்பியது. ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 150 கிராமங்களில் மன்றங்கள் அமைந்தன. மதிப்பீட்டை பம்பாயிலுள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஏற்றது; அதை நடத்தியவர் பால் நியூராத். தத்துவஞானி ஓட்டோ நியூராத்தின் மகன், நாஜி வதைமுகாம்களில் கிடந்து உயிர்தப்பியவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்டிடம் பயின்றவர்.

அவர் செய்த நல்ல காரியம், மன்றம் உள்ள கிராமங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் இருந்தது. மன்றமுள்ள ஊர்கள், வானொலிப் பெட்டி இருந்தும் மன்றமில்லாத ஊர்கள், பெட்டியே இல்லாத ஊர்கள் என்று மூன்று வகையிலும் தொடருக்கு முன்னும் பின்னும் கேள்வி கேட்டார். மன்றமுள்ள ஊர்களில் அறிவு நன்றாக உயர்ந்தது. பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் உயர்வு சொற்பம். பலன் கேட்பதில் இல்லை, கூடிப் பேசுவதில் இருக்கிறது என்பது எண்ணாகவே தெரிந்தது. வானொலித் தலைமை இயக்குநரும் இந்தி நாடகாசிரியருமான ஜகதீஷ் சந்திர மாத்தூரும் நியூராத்தும் எழுதிய அறிக்கையை யுனெஸ்கோ 1959இல் வெளியிட்டது.

அதற்குப் பின் நடந்ததுதான் பாடம். அதே 1959இல் மன்றங்களை நாடெங்கும் விரித்தார்கள். எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறியது. பூனாவில் இருந்த பயிற்சி பெற்ற அமைப்பாளர்கள், நெருங்கிய கண்காணிப்பு, மன்றத்தின் கேள்விக்கு நிலையம் தந்த பதில் ஆகியவை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. வில்பர் ஷ்ராமும் சகாக்களும் 1967இல் பத்தாண்டு நிலையை எழுதியபோது, பல இடங்களில் பெயர்தான் மன்றம். மறுசோதனை, விரிவாக்கம் இரண்டையும் ஒன்றென எண்ணிய பிழை அது. அரசுத் திட்டங்களில் இன்றும் அது தீரவில்லை. சோதனையாகவே எடுத்துச் சென்றவர்களும் உண்டு. கானாவில் 1960களின் நடுவில் முன்னோட்டம் நடந்தது. புரோதிப்தோ ராய், வைசானென், எவரெட் ரோஜர்ஸ் மூவரும் ஒரே வடிவமைப்பை இந்தியா, கோஸ்டாரிகா ஆகிய இரு நாடுகளிலும் சோதித்து 1969இல் வெளியிட்டார்கள்.

ரேடியோ நெல்லும் செயற்கைக்கோளும்

தமிழ் வாசகருக்கு நெருக்கமான சான்று ஆடுதுறை 27 என்ற நெல் ரகம். திருச்சி வானொலி வழியாகத் தஞ்சை உழவர்களிடம் 1960களில் பரவிய இந்த ரகத்துக்கு அவர்களே வைத்த பெயர் ரேடியோ நெல். வானொலியின் வல்லமைக்குச் சான்றாக இது உலகெங்கும் சொல்லப்படுகிறது. ஆனால் இது சோதனை அல்ல. தஞ்சாவூர் அப்போது தீவிர வேளாண் திட்ட மாவட்டம். உரம், கடன், விரிவாக்க அலுவலர் எல்லாம் ஒருசேர வந்தன. வானொலி இல்லாத இன்னொரு தஞ்சாவூரை யாரும் வைத்து ஒப்பிடவில்லை. பெயர் அழகானது, அதற்காக அதை நிரூபணம் என்று எழுதிவிடக் கூடாது.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்ரோ நடத்திய செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களை எட்டியது. கர்நாடகத்தில் குல்பர்கா, பீஜப்பூர், ராய்ச்சூர் மாவட்டங்கள். வினாத்தாள் ஆய்வோடு கிராமத்தில் தங்கிப் பார்க்கும் மானிடவியல் ஆய்வையும் பினோத் அகர்வால் நடத்தினார். அமெரிக்கா இரவல் தந்த ஏடிஎஸ் 6 செயற்கைக்கோள் ஓராண்டில் விலகிப் போனது. அதே அளவில் அந்தச் சோதனையை மீளச் செய்ய வழியே இருக்கவில்லை.

பழைய ஆய்வுகளைத் திறந்தவர்கள்

ராபர்ட் ஜென்சன் 2007இல் எழுதிய கேரள மத்தி மீன் ஆய்வு பொருளியல், தொடர்பியல் இரண்டிலும் புகழ்பெற்றது. 1997 முதல் 2001 வரை கைப்பேசிச் சேவை வடகேரளக் கடற்கரையில் படிப்படியாக வந்தபோது, கரைக்குக் கரை மீன்விலை வேறுபாடு குறைந்தது. மீனவர் லாபம் 8 விழுக்காடு கூடியது, வாங்குவோர் விலை 4 விழுக்காடு இறங்கியது என்றது அது. பின்னர் பெங்களூரு ஐஐஐடியில் பணியாற்றிய ஜானகி சீனிவாசனும் ஜென்னா பரெலும் அதே கடற்கரைக்குப் போய், 2013இல் வேறொரு படத்தைத் தந்தார்கள். தரகரிடம் கடன் பட்டவர் நல்ல விலை கிடைக்கும் கரைக்குத் தோணியைத் திருப்பிவிட முடியாது. படகின் வகையும் இறங்குதுறையும் தெரிவைக் கட்டிப்போடுகின்றன. ஜென்சனின் கணக்கு பொய்யாகிவிடவில்லை. கைப்பேசி மட்டுமே அதைச் செய்தது என்ற சுருக்கம்தான் நிற்கவில்லை.

கேபிள் டிவி வந்த கிராமங்களில் பெண்களின் தன்னுரிமை கூடுகிறது, ஆண்பிள்ளை விருப்பம் குறைகிறது என்று ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் 2009இல் எழுதினார்கள். தமிழ்நாடும் அதன் ஆய்வுப் பரப்பில் உண்டு. வெகார்ட் ஐவர்சன், ரிச்சர்ட் பாமர் ஜோன்ஸ் இருவரும் அந்தத் தரவை மறுபடி பகுத்து, தன்னுரிமைக் குறியீடு கட்டப்பட்ட விதத்தைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். மூல ஆசிரியர்கள் எதிர்வாதம் எழுதினார்கள். தரவு கைமாறியதால்தான் வாக்குவாதமே சாத்தியமாயிற்று.

உளவியலில் 2015இல் நூறு ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது 36 விழுக்காடே புள்ளியியல் முறையில் தேறின. அதன் அதிர்ச்சி தொடர்பியல் இதழ்களையும் தொட்டது. ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டிப் பதிவுசெய்வதும் தரவைப் பொதுவில் வைப்பதும் அதன்பின் வேகம் பிடித்தன.

மறுபடியும் வதந்தி

2012 ஆகஸ்டில் வதந்திக்கு அஞ்சி வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் பெங்களூரை விட்டு ரயிலேறினார்கள். நடுவண் அரசு மொத்தக் குறுஞ்செய்திகளுக்குத் தடை போட்டது. 2018 மே மாதம் பிள்ளைபிடிப்பவர் என்ற வாட்ஸ்அப் புரளியால் பெங்களூரின் சாமராஜ்பேட்டையில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். பொய்ச்செய்தியைக் கண்டுணரும் பயிற்சி பலன் தருமா என்ற சோதனைகள் இந்தியாவில் பெருகியது இந்தச் சூழலில். ஆண்ட்ரூ கெஸ் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வில், எளிய குறிப்புகள் அமெரிக்கரின் பகுத்தறியும் திறனை 26.5 விழுக்காடும், படித்த இந்திய இணையப் பயனாளரின் திறனை 17.5 விழுக்காடும் உயர்த்தின. வட இந்தியக் கிராமத்தவரிடம் பலனே இல்லை. சுமித்ரா பத்ரிநாதன் பிகாரில் நேரில் நடத்திய பயிற்சியும் மொத்தத்தில் பலன் காட்டவில்லை. பொய்ச்செய்தியின் உத்திகளை முன்பே காட்டிப் பழக்கி மேற்கில் வென்ற 'தடுப்பூசி' விளையாட்டும் 2023இல் வெளியான வட இந்தியச் சோதனையில் தோற்றது.

பலன் காட்டாத இவை இந்தி வழங்கும் ஊர்களின் முடிவுகள். பெங்களூரின் அல்சூர்ப் பகுதியில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் புழங்குகின்றன. ஒருவர் கைப்பேசியிலேயே இரண்டு மூன்று மொழிக் குழுக்கள் இருக்கும். பிகாரின் முடிவை அங்கே ஏற்றிச் சொல்லும் முன், அல்சூரிலேயே ஒருமுறை சோதித்தாக வேண்டும்.